வாரம் ஒரு மணி நேரம்: பினாங்கில் ஜாஸ் குரலிசை நிகழ்ச்சி நடத்துதல்

ஜாஸ் குரலிசை நிகழ்ச்சி என்பது பாடுபவரை நடுவில் வைத்து, வாத்தியங்களை அவரைச் சுற்றி அமைத்து, வாரம் ஒரு முறை ஒலிபரப்பப்படும் வானொலி நிகழ்ச்சி. பொதுவான ஜாஸ் நிகழ்ச்சிகளில் டிரம்பெட், சாக்சபோன், பியானோ ஆகியவற்றின் நீண்ட வாசிப்புகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு பாட்டு வரும். இங்கே பாட்டுதான் முதல். ஜாஸ் கேட்டுப் பழகாதவர்கூடக் குரலையும் சொல்லையும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம் என்பது இந்த வகை நிகழ்ச்சியின் பெரிய பலம். அமெரிக்காவின் நெவார்க் நகரில் உள்ள டபிள்யூபிஜிஓ நிலையத்தில் மைக்கேல் போர்ன் என்ற அறிவிப்பாளர் ‘சிங்கர்ஸ் அன்லிமிடெட்’ என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட காலம் நடத்தி வந்தது இத்தகைய நிகழ்ச்சிதான்.

பலம் இருக்கும் இடத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. இனிய குரல்கள், பழைய பாடல்கள், மெல்லிய பேச்சு என்று வாரங்கள் ஓடினால் நிகழ்ச்சி உணவகத்தின் பின்னணி இசையாகிவிடும். அதிலிருந்து அதைக் காப்பாற்றும் பழக்கம் ஒன்று உண்டு: ஒரே பாட்டை இரண்டு மூன்று குரல்களில் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, எது மாறியது என்பதை நேயரே கண்டுகொள்ளச் செய்வது. ஜாஸில் இசையமைப்பாளர் தருவது மெட்டும் சொல்லும் மட்டும். பாட்டை முடித்துவைப்பவர் பாடகர். அந்த முடித்துவைத்தல் எப்படி நடக்கிறது என்று காட்டுவதே அறிவிப்பாளரின் வேலை. இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற யோசனைகள் எல்லாம் அந்த வேலைக்குத் துணை செய்பவை.

அறிவிப்பாளரின் காதில் இருக்க வேண்டியவை

ஜாஸ் குரலிசையின் வரலாற்றை மைக்கிலிருந்து தொடங்குவது நல்லது. 1925 வரை பாடகர்கள் ஒரு பெரிய புனலின் வாய்க்குள் உரக்கப் பாடித்தான் இசைத்தட்டு பதிந்தார்கள். அந்த ஆண்டு மின்வழி ஒலிப்பதிவு வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் காதருகே பேசும் அளவிலான குரலே பாடப் போதுமானதாயிற்று. பிங் கிராஸ்பியின் புகழ் இந்த மாற்றத்தின் மேல் எழுந்தது. பில்லி ஹாலிடேயின் கலையும் மைக் இல்லாமல் பிறந்திருக்காது. அவருடைய குரலின் எல்லை ஒரு ஸ்தாயியைத் தாண்டிச் சிறிது தூரம்தான் போகும். பெரிய குரல் இல்லாத அவர், தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சொல்லை இட்டு, எதிர்பார்த்த இடத்தில் வராத அந்தச் சொல்லுக்காகக் கேட்பவரைக் காத்திருக்க வைத்தார். இதைப் புரிந்துகொண்ட அறிவிப்பாளர் ‘உருக்கமான குரல்’ என்ற தேய்ந்த அடைமொழியைத் தேட வேண்டியதில்லை. “இரண்டாவது வரியில் அவர் எவ்வளவு தாமதமாக நுழைகிறார், கவனியுங்கள்” என்று சொன்னால் போதும்.

1926 பிப்ரவரியில் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிந்த ‘ஹீபி ஜீபீஸ்’, சொற்களை விட்டுவிட்டு வெறும் அசைகளால் பாடும் ஸ்காட் முறையைப் பரவலாக்கியது. அதற்கு முன்பும் அப்படிப் பாடியவர்கள் உண்டு. ஆனால் இசையுலகம் திரும்பிப் பார்த்தது இந்தத் தட்டுக்குப் பிறகுதான். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அதே முறையைப் பேராற்றலோடு வளர்த்தார். 1960 பிப்ரவரியில் பெர்லினில் நடந்த கச்சேரியில் ‘மேக் தி நைஃப்’ பாடும்போது அவருக்குப் பாதியில் சொற்கள் மறந்துபோயின. நிறுத்தாமல், மறந்ததையே பாட்டாக்கி, புதுச் சொற்களை அந்த நொடியிலேயே இட்டு, ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பையும் பாடிக்காட்டிப் பாட்டை முடித்தார். அந்தப் பதிவு அவருக்கு கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. நிகழ்ச்சியின் முதல் மாதத்திலேயே போட வேண்டிய பதிவு இது. ஜாஸ் பாடகரின் துணிவு எப்படிப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒலிப்பதிவு அரிது.

வேறொரு கிளையும் உண்டு: வாத்தியக்காரர் வாசித்த கற்பனைப் பகுதியை எடுத்து, அதன் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சொல் எழுதிப் பாடுவது. இதற்கு வோக்கலீஸ் என்று பெயர். எட்டி ஜெஃபர்சன் இதன் முன்னோடி. லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ், ராஸ் என்ற மூவர் குழு, கவுன்ட் பேசியின் முழு வாத்தியக் குழுவையும் தங்கள் குரல்களாலேயே அடுக்கடுக்காகப் பதிந்து, 1950களின் இறுதியில் ஓர் இசைத்தட்டாக வெளியிட்டது.

தமிழ் நேயர்களிடம் பேசும்போது கர்நாடக இசையைத் துணைக்கு அழைப்பது இயல்பாகவே வரும். அழைக்கலாம், ஆனால் வேறுபாட்டையும் கூடவே சொல்ல வேண்டும். நிரவலில் ஒரு வரியின் சொற்கள் தாளத்தில் ஏறக்குறையத் தங்கள் இடத்தில் நிற்க, ராகத்துக்குள் சங்கதிகள் விரிகின்றன. ஜாஸ் பாடகர் சொற்களின் இடத்தையே நகர்த்துகிறார். அடியில் ஓடும் ஸ்வரக்கூட்டுகளின் வரிசை மட்டும் மாறாமல் சுழல்கிறது. கற்பனை ஸ்வரத்தில் வாயில் வரும் எழுத்து ஒரு ஸ்வரத்தின் பெயர். ஸ்காட்டில் வரும் அசைக்கு அத்தகைய கட்டு இல்லை. இரண்டும் ஒன்றே என்று சொல்லி முடித்துவிட்டால் இரண்டுக்குமே அநீதி.

பாட்டின் கட்டமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க மேடை நாடகங்களிலிருந்து ஜாஸுக்கு வந்த பாடல்களில் பெரும்பாலானவை 32 பார்கள் (தாளச் சுற்றுகள்) கொண்டவை: ஒரு மெட்டு இரண்டு முறை, நடுவில் வேறு மெட்டு, மீண்டும் முதல் மெட்டு. இதற்கு முன்னால், தமிழ்த் திரைப்பாட்டில் தொகையறா என்று சொல்லப்படும் பகுதியைப் போன்ற ஒரு முகப்பு இருக்கும். பல பாடகர்கள் அதை விட்டுவிடுவார்கள்; சிலர் பாடுவார்கள். முகப்போடு பாடிய பதிவு கிடைத்தால் அதன் மேல் அறிவிப்பாளர் பேசக் கூடாது.

ஒரு பாட்டு, பல குரல்கள்

எந்தப் பாட்டை ஒப்பீட்டுக்கு எடுப்பது என்பதில் நிதானம் வேண்டும். ‘பாடி அண்ட் சோல்’ இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஜானி கிரீன் 1930இல் இசையமைத்த பாட்டு இது. சாரா வான் பதின்ம வயதில் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் நடந்த புதுமுகப் போட்டியில் வென்றது இந்தப் பாட்டைப் பாடித்தான், அது 1942. பில்லி ஹாலிடே 1940இல் இதைப் பதிந்திருந்தார். ஹாலிடேயை முதலிலும் வானை அடுத்தும் போட்டால், ஒருவர் பேச்சின் அளவிலும் மற்றவர் குரலின் முழு அகலத்திலும் ஒரே துயரத்தைச் சொல்வது தெளிவாகக் கேட்கும்.

இடையில் பாட்டே இல்லாத ஒரு பதிவும் வேண்டும். கோல்மன் ஹாகின்ஸ் 1939 அக்டோபரில் சாக்சபோனில் வாசித்த ‘பாடி அண்ட் சோல்’ அந்த இடத்துக்கென்றே பிறந்தது போன்றது. தொடக்கத்தில் மூல மெட்டைத் தொட்டுவிட்டு, பிறகு அதை ஏறத்தாழ முழுவதுமாக விட்டு விலகிப் போகிறார். அவர் வாசித்த அந்தக் கற்பனைக்குச் சொல் எழுதிப் பாடியவர் எட்டி ஜெஃபர்சன். ஹாகின்ஸுக்குப் பிறகு ஜெஃபர்சனைப் போட்டால் வோக்கலீஸ் என்பது விளக்கம் இல்லாமலே விளங்கிவிடும். கடைசியாக, டோனி பென்னட்டும் ஏமி வைன்ஹவுஸும் 2011 மார்ச்சில் சேர்ந்து பதிந்த வடிவம். வைன்ஹவுஸின் கடைசிக் கலையகப் பதிவு அதுதான். அதே ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். ஐந்து பதிவுகள், எழுபது ஆண்டுகள், ஒரே பாட்டு. இதற்கு மேல் அன்றைய நிகழ்ச்சிக்குத் தத்துவம் எதுவும் தேவையில்லை.

ஆனால் வாரம் தவறாமல் இப்படிச் செய்தால் நேயர் களைத்துப்போவார். ஒரு மணி நேரத்தில் ஒரே ஓர் ஒப்பீடு, அதிலும் இரண்டு வடிவங்கள் போதும். ஐந்து வடிவங்கள் வரும் வாரம் மாதத்துக்கு ஒன்று இருந்தால் அதற்குத் தனி மதிப்பு வரும்.

சில பாடல்கள் தனித்து நிற்க வேண்டியவை. பில்லி ஹாலிடே 1939இல் பதிந்த ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’, அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பலாகக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பாடுவது. ஏபெல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர் எழுதியது. ஹாலிடேயின் வழக்கமான நிறுவனம் அதைப் பதிய மறுத்ததால் கொமடோர் என்ற சிறிய நிறுவனத்தில் பதிந்தார். ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாத நேயருக்கு இது ஏதோ ஒரு மெதுவான காதல் பாட்டாகக் கேட்டுவிடக்கூடும். எனவே பாட்டுக்கு முன்பே அது எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியங்களில் நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். பாட்டு முடிந்ததும் சில நொடிகள் எதுவும் ஒலிக்கக் கூடாது. அடுத்து வருவது துள்ளலான பாட்டாகவோ விளம்பரமாகவோ இருக்கக் கூடாது. நிலையத்தாரிடம் முன்கூட்டியே பேசி விளம்பர இடைவெளியை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

பினாங்குக்கு உரியவை

பினாங்கு நேயர்களுக்கு நிகழ்ச்சி நடத்துபவர் நியூயார்க்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்தத் தீவுக்கு வானொலியோடும் ஜாஸோடும் பழைய உறவு உண்டு. பினாங்கு வானொலிச் சங்கம் 1934இல் ஜெட்எச்ஜே என்ற அழைப்புக் குறியோடு ஒலிபரப்பைத் தொடங்கியபோதே மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகள் அதில் இடம்பெற்றன. நியூ வேர்ல்ட், வெம்ப்ளி ஆகிய கேளிக்கைப் பூங்காக்களும் ஈ அண்ட் ஓ போன்ற ஹோட்டல்களும் நடன இசைக் குழுக்களுக்கு வேலை கொடுத்தன. பிலிப்பீனிய வாத்தியக்காரர்கள் மலாயா முழுவதும் அந்தக் குழுக்களில் வாசித்தார்கள். இந்தக் காலத்தைப் பற்றி பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் எழுதி 2015இல் வெளிவந்த ‘ஜஸ்ட் ஃபார் தி லவ் ஆஃப் இட்’ என்ற ஆங்கில நூல், 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்கின் வெகுமக்கள் இசையை ஆராய்கிறது. நிகழ்ச்சி தொடங்குமுன் படித்தே தீர வேண்டிய நூல் அது. 2016இல் கொம்தாரில் திறக்கப்பட்ட பினாங்கு இசை இல்லமும் அதே முயற்சியின் தொடர்ச்சி. பால் அகஸ்டின் 2004இல் தொடங்கிய பினாங்குத் தீவு ஜாஸ் விழா, பத்து பெரிங்கி கடற்கரையில் டிசம்பர் மாதங்களில் நடந்து, உலகின் பல மூலைகளிலிருந்து பாடகர்களை இங்கே அழைத்து வந்தது.

இசையமைப்பாளர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் ஜிம்மி பாய்ல் (1922–1971). பினாங்கில் பிறந்த இந்த ஜாஸ் பியானோக் கலைஞர் மலாய் மொழியில் அமைத்த பாடல்களில் ‘புத்ரா புத்ரி’, ‘செண்டரிங்’ முதலியவை இன்றும் நினைவில் உள்ளவை. மலாய் மெட்டின் அடியில் ஜாஸின் ஸ்வரக்கூட்டுகளை உறுத்தாமல் வைப்பது அவருக்குக் கைவந்தது.

மலாய்த் திரையுலகின் பாடகரான பி. ரம்லி 1929 மார்ச் 22 அன்று ஜோர்ஜ் டவுனில் பிறந்தவர். அவருடைய பாடல்களை ஜாஸ் நிகழ்ச்சியில் போட ஒரு கணம் தயங்குபவர்கள் 1960இல் வந்த ‘அந்தாரா துவா டார்ஜாட்’ படத்தின் ‘கெத்தாரான் ஜீவா’வைக் கவனித்துக் கேட்க வேண்டும். பியானோவின் முன் உட்கார்ந்து அமைக்கப்பட்ட பாட்டு என்பது அதன் ஒவ்வொரு வளைவிலும் தெரியும். பாடகி ஷீலா மஜித் 1990இல் வெளியிட்ட ‘லெகெண்டா’ என்ற தொகுப்பு பி. ரம்லியின் பாடல்களுக்குப் புது வடிவம் கொடுத்தது. ரம்லியையும் ஷீலா மஜித்தையும் அடுத்தடுத்துப் போடுவது, மேலே ‘பாடி அண்ட் சோல்’ பற்றிச் சொன்ன அதே முறையை உள்ளூர் மண்ணில் செய்து பார்ப்பதாகும். நேயர்களுக்கு மூல வடிவம் ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதால் மாற்றங்கள் அவர்கள் காதில் உடனே படும். உண்மையில் நிகழ்ச்சியின் முதல் ஒப்பீட்டை இதில் தொடங்குவதே மேல்.

சீன மொழி நேயர்களுக்கு ஷங்காயில் சீன மெட்டும் ஜாஸும் கலந்து உருவான ஷிதாய்ச்சூ பாடல்கள் இருக்கின்றன. யாவ் லீ 1940இல் பாடிய ரோஜாப் பாட்டை 1951இல் ஃபிராங்கி லேன் ‘ரோஸ், ரோஸ், ஐ லவ் யூ’ என்று ஆங்கிலத்தில் பாடி அமெரிக்காவில் வெற்றி கண்டார். கிழக்கிலிருந்து மேற்குக்குப் போன பாட்டு என்பதால் இந்த இணைக்குத் தனிச் சுவை.

தமிழுக்கு வருவோம். விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் ‘புதிய பறவை’ (1964) படத்துக்காக பி. சுசீலா பாடிய இரவு விடுதிப் பாட்டு மேற்கத்திய கிளப் இசையை முழு நம்பிக்கையோடு தமிழாக்கியது. அதை ஜாஸ் என்று அழைப்பதா என்று வாதாடலாம். ஆனால் ஜாஸ் பாடகியரை அடுத்து அதை ஒலிக்கவிட்டால் உறவு புரியும். ஜாஸின் உள்வட்டத்துக்கே போனவர் மும்பையில் பிறந்த ஆஷா புத்லி. சாக்சபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1971இல் பதிந்த ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ தொகுப்பில் இரண்டு பாடல்களைப் பாடியிருக்கிறார். முதல் வாரங்களில் போட ஏற்றதல்ல. நேயர்களின் காது பழகிய பிறகு, ஒரு முழு அறிமுகத்தோடு போட வேண்டியது.

ஆண்டுத் திட்டத்தில் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரையுள்ள காலத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பது நல்லது. நாட் கிங் கோல் மார்ச் 17, பி. ரம்லி 22, சாரா வான் 27, பில்லி ஹாலிடே ஏப்ரல் 7, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 25 என்று பிறந்தநாள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. யுனெஸ்கோ அறிவித்த உலக ஜாஸ் நாள் ஏப்ரல் 30. அந்த ஆறேழு வாரங்களில் நிகழ்ச்சி தானாகவே ஒரு சிறு விழாவாகிவிடும். அப்போது புது நேயர்கள் வருவார்கள். அவர்களை மனத்தில் கொண்டு அறிமுகங்களைச் சற்று எளிமையாக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தின் கணக்கு

நிலைய அடையாளம், அறிவிப்புகள், விளம்பரங்கள் ஆகியவற்றுக்கு ஆறு நிமிடம் போனால் 54 நிமிடம் மிஞ்சும். பேச்சுக்கு ஒன்பது நிமிடம் வைத்தால் இசைக்கு 45. பழைய 78 சுழற்சித் தட்டுகளின் பாடல்கள் மூன்று நிமிடத்தையொட்டி முடிந்துவிடும். பிற்காலப் பதிவுகள் ஐந்தாறு நிமிடம் ஓடும். சராசரி மூன்றரை நிமிடம் என்று கொண்டால் 12 பாடல்கள். பதின்மூன்றாவதாகச் சுமார் இரண்டரை நிமிடப் பாட்டு ஒன்றையும், ஐந்து நிமிடம் ஓடும் வாத்திய இசை ஒன்றையும் கையிருப்பில் வைத்திருப்பவர் நேரம் கூடினாலும் குறைந்தாலும் பதற்றப்பட மாட்டார்.

வரிசை அமைப்பில் முதல் பாட்டு பேச்சுக்கு முன்பே தொடங்குவது சிறப்பு. அது வேகமானதாகவும் எளிதில் பிடிபடுவதாகவும் இருக்கட்டும். ஒப்பீட்டை மணி நேரத்தின் நடுவில் வைக்க வேண்டும். அதற்கு முன்பே வந்தால் வானொலியைத் தாமதமாகத் திருப்பியவர்கள் தவறவிடுவார்கள். தொடர்ந்து மூன்று மெதுவான பாடல்கள் வரக் கூடாது. பெண் குரலுக்குப் பின் ஆண் குரல் என்று எந்திரம்போல் மாற்றத் தேவையில்லை. வாத்தியக் கூட்டு மாறினால் போதும். பெரிய குழுவின் பின் தனிக் கிதார், அதன் பின் பியானோ மூவர் என்று. 1963இல் ஜானி ஹார்ட்மன், ஜான் கோல்ட்ரேனின் குழுவோடு பதிந்த தொகுப்பு, இரவு நேர இறுதிப் பகுதிக்கு எப்போதும் கைகொடுக்கும். புதிய பாடகர்களுக்கு வாரம் இரண்டு இடமாவது நிச்சயம் வேண்டும்: செசில் மெக்லோரின் சால்வன்ட், கிரெகரி போர்ட்டர், 2023இல் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி பெற்ற சமாரா ஜாய் போன்றவர்கள். ஜாஸ் என்றால் இறந்தவர்களின் இசை என்ற எண்ணத்தை இளம் நேயரிடம் இவர்கள்தான் மாற்றுவார்கள்.

மாலை நேரம் கொடுக்கப்பட்டால் தொழுகை அழைப்பை மறக்கக் கூடாது. பினாங்கில் மாலைத் தொழுகையான மஃரிப் ஏழு மணியையொட்டியோ அதற்குச் சற்றுப் பின்போ வரும். ஆண்டு முழுவதும் நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். அழைப்பை ஒலிபரப்பும் நிலையங்களில் அந்த நிமிடங்களை அன்றைய அட்டவணையைப் பார்த்து முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். பாட்டைப் பாதியில் வெட்டும் நிலை வரக் கூடாது. இந்த இசைக்கு ஏற்ற நேரம் வார இறுதியில் இரவு ஒன்பதுக்குப் பிறகுதான். கேட்டு வாங்க முடிந்தால் அதையே கேட்க வேண்டும்.

பேசும் முறை

குறுகிய அலை காலத்தில் ஜாஸை உலகெங்கும் கொண்டுசேர்த்த குரல் வில்லிஸ் கானோவருடையது. 1955 ஜனவரியில் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வில் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சி, டியூக் எலிங்டனின் ‘டேக் தி ஏ டிரெய்ன்’ இசையோடு தொடங்கும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களே தன்னைக் கேட்கிறார்கள் என்பதை உணர்ந்து, மெதுவாக, சொல் சொல்லாக, எளிய வாக்கியங்களில் பேசினார். 1996இல் இறக்கும் வரை அந்தப் பணியில் இருந்தார். பன்மொழி பேசும் பினாங்கில் எந்த மொழியில் நிகழ்ச்சி நடத்தினாலும் அவருடைய வேகமே பின்பற்றத் தக்கது.

ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று செய்திகள் கட்டாயம்: பாடியவர், பாட்டின் பெயர், பதிவான ஆண்டு. உடன் வாசித்தவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது மரியாதை. அதற்கு மேல் கேட்கவேண்டிய ஏதாவது ஒன்று, ஒன்று மட்டும். பாடகரின் வாழ்க்கை வரலாற்றை முன்னுரையாக ஒப்பிப்பதும், அவருடைய மண முறிவுகளையும் போதைப் பழக்கத்தையும் கதையாக்குவதும் பாட்டின் இடத்தைத் தின்றுவிடும். ஹாலிடே, வைன்ஹவுஸ் போன்றவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தத் தூண்டுதல் மிகும். அவர்களுக்குச் செய்யக்கூடிய நியாயம் அவர்களின் வேலைத்திறனைப் பற்றிப் பேசுவதே.

பெயர்களைப் பாட்டுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சொல்ல வேண்டும். கார் ஓட்டிக்கொண்டே பினாங்குப் பாலத்தைக் கடக்கும் நேயர், பாட்டு பிடித்த பிறகுதான் யார் பாடியது என்று தேடுவார். மூன்று பாடல்கள் தொடர்ந்து வந்தால், முடிவில் மூன்றையும் திருப்பிச் சொல்லும்போது கடைசிப் பாட்டிலிருந்து பின்னோக்கிப் போவது நேயர் நினைவுக்கு எளிது.

ஆங்கிலப் பாடல் வரிகளை வரிக்கு வரி மொழிபெயர்க்கும் வழக்கம் சில தமிழ் நிகழ்ச்சிகளில் உண்டு. இங்கே அது வேண்டாம். பாட்டின் சூழலை இரண்டு வாக்கியங்களில் சொல்லலாம்: யார் யாரிடம் பேசுகிறார், என்ன நடந்திருக்கிறது. மிச்சத்தைக் குரல் சொல்லும். உச்சரிப்பில் கவனம் தேவை. சாராவின் குடும்பப் பெயர் வான், ‘வாகன்’ அல்ல. ஹோகி கார்மைக்கேல், கார்மென் மெக்ரே போன்ற பெயர்களைக் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டால் நேரலையில் நாக்கு தடுக்காது. மலாய், சீனப் பாடகர்களின் பெயர்களை அந்த மொழி பேசும் சக அறிவிப்பாளரிடம் ஒரு முறை சொல்லிக்காட்டிச் சரிபார்ப்பது நல்லது. பினாங்கில் அதற்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

விருந்தினர் வந்தால் பேட்டியைவிடப் பாடவைப்பது பயன் தரும். ஒரு பாடகர், ஒரு கிதார் அல்லது பியானோ, ஒரே பாட்டு இரு வேறு வேகங்களில். பிறகு, ஏன் அந்த இடத்தில் மூச்சு எடுத்தீர்கள் என்பது போன்ற கேள்விகள். ‘உங்களுக்குப் பிடித்த பாடகர் யார்’ என்பதைவிட இத்தகைய கேள்விக்குக் கிடைக்கும் பதில் எப்போதும் சுவையானது.

ஒலி

குரலிசையில் ஒலியின் தரம் உடனே வெளிப்படும். ஸ்டீரியோ எல்பி தட்டுகள் பொதுச் சந்தைக்கு வந்தது 1950களின் இறுதியில். அதற்கு முந்தைய பதிவுகள் மோனோ. அவற்றை மோனோவாகவே ஒலிபரப்ப வேண்டும். 1960களில் பல நிறுவனங்கள் பழைய மோனோப் பதிவுகளைச் செயற்கையாகப் பிரித்து ஸ்டீரியோ என்ற பெயரில் மறுபடி வெளியிட்டன. அவற்றில் குரல் நடுவில் நிற்காமல் கரைந்து போயிருக்கும். அதே பாட்டின் மோனோ வடிவம் கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும்.

1930களின் பதிவையும் இந்த ஆண்டின் பதிவையும் அடுத்தடுத்துப் போடும்போது ஒலி அளவை முன்கூட்டியே சமப்படுத்த வேண்டும். மீட்டரைப் பார்த்து மட்டும் முடிவு செய்தால் போதாது. குரல் குரலோடு சமமாகக் கேட்கிறதா என்று கண்ணை மூடிக் கேட்க வேண்டும். இரைச்சலை நீக்கும் கருவியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் மூச்சும் சேர்ந்து போய்விடும். ஹாலிடேயின் பதிவில் ஊசியின் சரசரப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பழைய தட்டுகள் தென்படுவதுண்டு. வாங்கும்போது விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும்: கீறலைவிட இந்தத் தீவின் ஈரக்காற்றில் படியும் பூஞ்சை பெரிய தொல்லை. தட்டுகளைக் கிடத்தி அடுக்காமல் நிமிர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிய அலமாரியில் வைக்க வேண்டும்.

உரிமைகளும் பதிவேடும்

மலேசியாவில் ஒலிபரப்பு உள்ளடக்கம் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழும் அதையொட்டிய உள்ளடக்க நெறிமுறையின் கீழும் வருகிறது. பழைய ஜாஸ், புளூஸ் பாடல்களில் கஞ்சா, மது, இரட்டை அர்த்தம் ஆகியவை தாராளமாக உண்டு. கொச்சைச் சொற்களில் ஒளிந்திருப்பதால் மேலோட்டமாகக் கேட்டால் தெரியாது. ஒவ்வொரு பாட்டின் சொற்களையும் முழுவதும் படித்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பதிப்புரிமையில் இரண்டு அடுக்குகள் உண்டு: பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பாளரின் உரிமை அவர் வாழ்நாளும் இறப்புக்குப் பின் 50 ஆண்டும் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 50 ஆண்டு. ஆகவே பழைய பதிவு ஒன்றின் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருந்தாலும் பாட்டின் உரிமை உயிரோடு இருக்கலாம். எடுத்துக்காட்டாக, இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் 1937இல் இறந்தார். அவருடைய பாடல்களுக்குச் சொல் எழுதிய அண்ணன் ஐரா 1983 வரை வாழ்ந்தார்; ஆகவே அந்தச் சொற்களின் உரிமை இன்னும் முடியவில்லை. பாட்டாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் எம்ஏசிபி, ஒலிப்பதிவு நிறுவனங்கள் சார்பில் பிபிஎம் ஆகிய அமைப்புகள் உரிமம் வழங்குகின்றன. வானொலி நிலையம் பெற்றிருக்கும் உரிமம் நேரடி ஒலிபரப்புக்கானது. நிகழ்ச்சியைப் பதிந்து இணையத்தில் பிறகு கேட்கும்படி வைக்க அது போதுமா என்பதை நிலையத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிற நாடுகளில் காலவரம்பு வேறு என்பதால் அங்குள்ள நேயர்களுக்காகத் தரவேற்றும்போது இன்னும் கவனம் தேவை.

ஒவ்வொரு வாரமும் ஒரு பதிவேடு எழுதப்பட வேண்டும்: பாட்டின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், உடன் வாசித்தவர்கள், பதிவான நாள், வெளியிட்ட நிறுவனம், ஓடிய நேரம். ஒரே பாட்டை ஒரே பாடகர் நான்கைந்து முறை பதிந்திருப்பது ஜாஸில் சாதாரணம் என்பதால், பதிவான நாளையும் நிறுவனத்தையும் விட்டுவிட்டால் எந்த வடிவம் ஒலித்தது என்பதைப் பிறகு கண்டுபிடிக்க முடியாது. உரிமை அமைப்புகளுக்குக் கணக்குக் கொடுக்கவும், எந்தப் பாட்டு எத்தனை வாரத்துக்கு முன் போனது என்று பார்த்துத் திரும்ப வராமல் தடுக்கவும், போன மாதம் கேட்ட அந்தப் பதிவு எது என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் நேயருக்குச் சரியான பதில் தரவும் இதே ஏடு உதவும்.